ஐசியுவில் டெலிரியம்: தமிழ் பேசும் நோயாளிக்கு எந்தச் சோதனை சரிப்படும்?

ஐசியுவில் இருப்பவருக்கு டெலிரியம், அதாவது உடம்பு நோயால் திடீரென்று வரும் மூளைக் குழப்பம், வந்திருக்கிறதா என்று பார்க்க எந்த முறை நல்லது என்று கேட்டால் புத்தகத்தில் பதில் தயாராக இருக்கிறது: கேம்-ஐசியு, அல்லது ஐசிடிஎஸ்சி. அமெரிக்கத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கத்தின் 2013 வழிகாட்டி இந்த இரண்டையும்தான் முன்னால் வைத்தது. 2018-இல் வந்த அடுத்த வழிகாட்டியும் ஆய்வில் தேறிய கருவி ஒன்றை வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்கிறது. சரி. ஆனால் இங்கே சிங்கப்பூரில், கட்டிலில் இருப்பவர் தமிழ் மட்டும் சரளமாகப் பேசும் ஒரு பாட்டி, பக்கத்தில் நிற்கும் தாதி மணிலாவிலிருந்தோ யங்கோனிலிருந்தோ வந்தவர், காலையில் பார்க்க வரும் டாக்டர் ஆங்கிலமும் மாண்டரினும் பேசுபவர் என்றால், அந்தப் பதில் பாதி வழிதான் கூட்டிப் போகும். மீதி வழியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் ஐசியு தாதி. தமிழ் பேசும் மற்ற தாதியருக்கும், அப்பாவோ அம்மாவோ ஐசியுவில் கிடக்க வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இது.

எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான். டெலிரியம் என்றால் குழாயைப் பிடுங்குவது, கத்துவது, கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பது என்று நினைக்கிறோம். அப்படி வருபவர் யார் கண்ணிலும் தப்ப மாட்டார். ஆனால் 2006-இல் அமெரிக்காவில் ஒரு மருத்துவ ஐசியுவில் பார்த்தபோது, டெலிரியம் வந்தவர்களில் வெறும் ஆர்ப்பாட்ட வகை மட்டும் உள்ளவர்கள் 2 சதவீதம்கூட இல்லை. 43 சதவீதத்துக்கு மேல் அமைதி வகை, மற்றவர்கள் இரண்டும் மாறி மாறி வந்தவர்கள். அமைதி வகை என்றால், கண்ணைத் திறந்து எங்கோ பார்த்துக்கொண்டு, கேட்டதற்குத் தாமதமாகத் தலையசைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தராமல் படுத்திருப்பவர். குடும்பம் வந்து பார்த்துவிட்டு "பாவம், களைப்பா இருக்காங்க" என்று சொல்லிப் போகும். தாதிக்கும் அன்றைக்கு வேலை குறைவு. உள்ளே மூளை தடுமாறிக்கொண்டிருப்பது ஒருவருக்கும் தெரியாது.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு, டாக்டர்களிலும் உண்டு. வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வெஸ்லி ஈலி குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களில் டெலிரியம் வந்தவர்கள் 34 சதவீதம் பேர் 6 மாதத்துக்குள் இறந்தார்கள், வராதவர்களில் 15 சதவீதம். அதே இடத்திலிருந்து 2013-இல் வந்த இன்னொரு ஆய்வு 821 பேரைத் தொடர்ந்தது, அவர்களில் 74 சதவீதம் பேருக்கு மருத்துவமனையில் இருந்தபோது டெலிரியம் வந்திருந்தது, எத்தனை நாள் அது நீடித்ததோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் ஞாபகமும் யோசனையும் மோசமாக இருந்தன. டெலிரியமே இதற்கெல்லாம் காரணம் என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது, ரொம்ப நோயாளியாக இருப்பவருக்குத்தான் அது அதிகம் வரும். ஆனால் உடம்பில் ஏதோ சரியில்லை என்று மூளை முதலில் சொல்கிறது. காய்ச்சல் ஏறுவதற்கு முன்பே தொற்று தொடங்கியிருக்கலாம், ஆக்சிஜன் போதாமல் இருக்கலாம், சிறுநீர் அடைத்திருக்கலாம், நேற்று ராத்திரி போட்ட மிடாசோலம் என்ற மயக்க மருந்து இன்னும் இறங்காமல் இருக்கலாம். அதைத் தேடச் சொல்லி நம்மைக் கிளப்புவதற்குத்தான் இந்தச் சோதனை.

முதல் வழி, எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது. "எனக்குப் பார்த்தாலே தெரியும்" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் 2009-இல் நெதர்லாந்தில் இதைச் சோதித்தார்கள். கேம்-ஐசியுவில் டெலிரியம் என்று வந்த நாள்களில் டாக்டர்கள் தாங்களாகக் கண்டுகொண்டது 28 சதவீதம், தாதியர் கண்டுகொண்டது ஏறக்குறைய 35 சதவீதம். அங்கே நோயாளிக்கும் தாதிக்கும் பெரும்பாலும் ஒரே மொழி. இங்கே மொழியும் நடுவில் நின்றால் அது இன்னும் குறையும் என்றுதான் நினைக்கிறேன். ஆகவே கண்பார்வை மட்டும் போதும் என்ற வழியை ஓரமாக வைத்துவிடலாம்.

இனி கேம்-ஐசியு. முதியோருக்காக ஷேரன் இனோய் 1990-இல் செய்த கேம் என்ற முறையை, வாயில் குழாயோடு பேச முடியாமல் இருப்பவர்களுக்கு ஏற்றபடி ஈலி குழு 2001-இல் மாற்றியமைத்தது. பழகிவிட்டால் இரண்டு நிமிஷ வேலை. முதலில் ராஸ் அளவு, அதாவது +4 முதல் −5 வரை விழிப்பு நிலை. அமைதியாக விழித்திருப்பவர் 0. குரலுக்கு அசையவே இல்லாத −4, −5 ஆட்களை விட்டுவிடலாம், பிறகு திரும்பி வந்து பார்க்க வேண்டும். −3-உம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு நாலு விஷயம். வழக்கமான நிலையிலிருந்து திடீர் மாற்றமா, அல்லது கடந்த 24 மணி நேரத்தில் ஏறி இறங்கியதா? கவனம் நிற்காமல் போகிறதா? விழிப்பு நிலை இப்போது 0 இல்லாமல் வேறாக இருக்கிறதா? யோசனை கோர்வை இல்லாமல் இருக்கிறதா? முதல் இரண்டும் கட்டாயம், கூடவே மூன்றாவதோ நாலாவதோ ஒன்று இருந்தால் டெலிரியம்.

கவனத்தைச் சோதிப்பதுதான் இதன் உயிர். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஏ' என்று சொல்லும்போது மட்டும் என் கையை அழுத்துங்கள் என்று சொல்லிவிட்டு, மூன்று நொடி இடைவெளி விட்டு, ஒரே குரலில், பத்து எழுத்து சொல்ல வேண்டும்: எஸ், ஏ, வி, இ, ஏ, ஹெச், ஏ, ஏ, ஆர், டி. 'ஏ'க்கு அழுத்தாமல் விட்டாலும் பிழை, மற்றதற்கு அழுத்தினாலும் பிழை. இரண்டுக்கு மேல் போனால் கவனம் நிற்கவில்லை.

இதைத் தமிழ்ப் பாட்டி ஒருவரிடம் செய்யும்போது என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஆங்கிலப் பள்ளிக்கே போகாதவர்களுக்கும் இங்கே 'ஏ, பி, சி' தெரியும், வீட்டு பிளாக்கிலும் பஸ் எண்ணிலும் பார்த்துப் பழகியதுதான். ஆனால் 'ஹெச்' என்பதை ஆங்கிலத்தில் பழகிய தாதி 'எய்ச்' என்று சொன்னால் அது 'ஏ' மாதிரியே தொடங்குகிறது. பாட்டி பாதியிலேயே அழுத்திவிடுவார். அது மூளையின் பிழையா காதின் பிழையா? நான் தெளிவாக 'ஹெச்' என்றே சொல்கிறேன், நம் ஆட்களுக்குக் காதில் பழகிய உச்சரிப்பு அதுதான். எழுத்து பழகாதவர்களுக்கு எண்களை வைத்துச் செய்யும் வடிவமும் உண்டு, 'ஒன்று' என்றால் அழுத்த வேண்டும். தமிழில் அதைச் செய்தால் 'ஒண்ணு', 'மூணு' இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும், முகமூடி போட்டுக்கொண்டு, மானிட்டர் பீப் பீப் என்று அடிக்க, நடுவில் சொன்னால் எனக்கே குழம்பும். இதற்குப் பதில் படம் காட்டும் முறை இருக்கிறது: ஐந்து படம் காட்டி நினைவில் வைக்கச் சொல்லிவிட்டு, பிறகு பத்து படத்தில் எதெது முன்னே பார்த்தது என்று தலையசைக்கச் சொல்வது. மொழிச் சுமை குறைவு, ஆனால் மூக்குக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கண்ணாடி பெரும்பாலும் வீட்டில்தான் இருக்கும், அவசர வண்டியில் யார் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வருவார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தாதியும் தனக்குத் தோன்றியபடி மாற்றிக்கொண்டால் காலை ஷிப்டில் வந்த பதிலையும் ராத்திரி ஷிப்டில் வந்த பதிலையும் ஒப்பிடவே முடியாது. எழுத்தா, எண்ணா, படமா என்று பிரிவு ஒரு தடவை உட்கார்ந்து முடிவு செய்து, அதை அட்டையில் எழுதி, எல்லோரும் அதையே செய்ய வேண்டும்.

யோசனை கோர்வையா என்று பார்க்க ஆமாம்-இல்லை கேள்விகள் நாலு. கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒரு பவுண்டு இரண்டு பவுண்டை விடக் கனமா? சுத்தியலால் ஆணி அடிக்கலாமா? பவுண்டைக் 'கிலோ' ஆக்குங்கள், நம் முதியவர்களுக்கு பவுண்டு என்றால் தங்கமோ பணமோதான் நினைவுக்கு வரும். கிலோவும் பிடிபடாத சிலருக்குத் தேக்கா சந்தையில் பழகிய காத்தி என்ற பழைய எடை பிடிபடும். கல் கேள்வியில் ஒரு சின்ன எச்சரிக்கை: தேவாரம் படித்த ஒருவர், அப்பர் சுவாமிகளைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டும் மிதந்தாரே என்று நினைத்து 'மிதக்கும்' என்று தலையாட்டக்கூடும். அதற்கு இரண்டாவது கேள்வித் தொகுப்பு இருக்கிறது, அதில் கல்லுக்குப் பதில் இலை. ஒரு கேள்வி தவறினால் பரவாயில்லை, ஒன்றுக்கு மேல் தவறினால்தான் கணக்கு.

அடுத்தது தலையசைப்பு, இதைத் தமிழர் அல்லாத சக தாதியரிடம் நான் விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது 'சரி' என்று அர்த்தம். அதைப் பார்க்கும் பிலிப்பினோ தாதிக்கு அது 'இல்லை'. வாயில் குழாய் இருக்கும் ஒருவர் நாலு கேள்விக்கும் சரியாகப் பதில் சொல்லியும் தாளில் டெலிரியம் என்று விழ இது ஒன்றே போதும். எனவே கேள்வியைத் தொடங்குவதற்கு முன், "ஆமாம்னா என் கையை ஒரு தடவை அழுத்துங்க, இல்லைன்னா சும்மா இருங்க" என்று பேசி வைத்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லி "நீங்கதானே?" என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐசிடிஎஸ்சி வேறு விதம். மான்ட்ரியலில் பெர்ஜெரோன் குழு 2001-இல் செய்தது. நோயாளியை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது இல்லை, ஷிப்ட் முழுக்கப் பார்த்ததை வைத்து எட்டு அம்சத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண்: விழிப்பு நிலை, கவனக் குறைவு, இடம் நேரம் தெரியாமை, இல்லாததைப் பார்ப்பது அல்லது நம்புவது, பதற்றம் அல்லது மந்தம், பொருந்தாத பேச்சு அல்லது மனநிலை, தூக்கம் கெடுவது, அறிகுறி ஏறி இறங்குவது. 4-உம் அதற்கு மேலும் போனால் டெலிரியம். 1 முதல் 3 வரை என்றால் முழு டெலிரியம் இல்லை, ஆனால் பாதி வழியில் இருக்கிறார், கவனியுங்கள் என்று பொருள். அந்த நடு அடுக்கு கேம்-ஐசியுவில் இல்லை, அங்கே உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். ராத்திரி மூன்று மணிக்கு மட்டும் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று சொல்லிவிட்டுக் காலையில் தெளிவாக இருப்பவரை ஐசிடிஎஸ்சி பிடிக்கும், காலை எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் செய்த கேம்-ஐசியு விட்டுவிடலாம்.

கேள்வியே கேட்காத முறை என்பதால், மொழி தெரியாத தாதிக்கு ஐசிடிஎஸ்சிதான் சுலபம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நேர்மாறாக இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வந்த விஷயம். ஐசிடிஎஸ்சியில் பாதி அம்சங்கள் நோயாளி என்ன பேசுகிறார் என்பது புரிந்தால்தான் போட முடியும். குழாய் எடுத்தபின் ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு "முருகா, முருகா, என் அப்பனே" என்று விடாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். தமிழ் தெரிந்தவருக்கு அது வலியில் சாமியைக் கூப்பிடுவது. தெரியாதவருக்கு அது பொருந்தாத பேச்சு, அல்லது அங்கே இல்லாத யாரோ ஒருவரோடு பேசுவது. ஒன்றோ இரண்டோ மதிப்பெண் அங்கேயே ஏறிவிடும். மறுபக்கமும் உண்டு: இன்னொரு பாட்டி, போன வருஷம் தவறிப்போன கணவரிடம் "இந்தக் குழாயைக் கொஞ்சம் பிடிங்க" என்று அமைதியாகப் பேசுகிறார், புரியாத தாதிக்கு அது ஏதோ இயல்பான பேச்சாகப் படுகிறது, மதிப்பெண் விழவே இல்லை. இது என்ன மாசம் என்று கேட்டால் 'ஆடி' என்பார், சரிதான், ஆனால் அதைச் சரி என்று குறித்துக்கொள்ள ஆடி எப்போது வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்கே இருக்கிறீர்கள் என்றால் 'ஜெனரல் ஆஸ்பத்திரி' என்பார், அவுட்ரமில் படுத்திருந்தால் அதுவும் சரி.

கேம்-ஐசியுவிலோ கேள்விகள் முன்கூட்டியே எழுதப்பட்டவை, பதில் கை அழுத்தத்தில் வருகிறது. அந்தக் கேள்விகளைத் தமிழ் உச்சரிப்பில் ரோமன் எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்து, ஒரு மதியம் கூட உட்கார்ந்து சொல்லிப் பழக்கினால், தமிழே தெரியாத தாதியும் அதைச் செய்யலாம். பதிலைப் புரிந்துகொள்ளத் தமிழ் தேவையில்லை. உச்சரிப்பு கொஞ்சம் வழுக்கும், ஆனால் "கல்லு தண்ணில மிதக்குமா" என்று ஒரு பிலிப்பினோ தாதி நிறுத்தி நிதானமாகக் கேட்டால் நம் முதியவர்கள் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள், முகத்தில் ஒரு சிரிப்பும் வந்துவிடும்.

எண்களையும் வைத்துப் பார்ப்போம். 2012-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் கேம்-ஐசியு, டெலிரியம் உள்ள 100 பேரில் 80 பேரைப் பிடித்தது, இல்லாத 100 பேரில் 96 பேரைச் சரியாக இல்லை என்றது. ஐசிடிஎஸ்சிக்கு அவை 74, 82. தாளில் கேம்-ஐசியு ஜெயிக்கிறது. ஆனால் 2011-இல் நெதர்லாந்தில் பல ஐசியுக்களில், ஆய்வுக் குழு இல்லாமல் அன்றாடம் தாதியரே செய்யும்போது எப்படி என்று பார்த்தார்கள், 80 என்பது 47 ஆக இறங்கிவிட்டது. டெலிரியம் இல்லாதவர்களைச் சரியாக இல்லை என்றதில் மட்டும் 98. இந்த 47-ஐ ஒவ்வொரு பிரிவும் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும் என்பேன். கேம்-ஐசியு டெலிரியம் என்று சொன்னால் நம்புங்கள். இல்லை என்று சொன்னால், மனசில் ஏதோ உறுத்துகிறது என்றால், அதோடு விடாதீர்கள்.

அந்த உறுத்தலுக்கு யாரைக் கேட்பது? குடும்பத்தை. "வழக்கத்தை விட இப்போ குழப்பமா இருக்காங்கன்னு உங்களுக்குத் தோணுதா?" என்ற ஒரே கேள்வியையே ஒரு சோதனையாக வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள், குடும்பத்தினரே நிரப்பும் ஃபேம்-கேம் என்ற படிவமும் இருக்கிறது. இவற்றை மட்டும் வைத்து முடிவு எடுக்கக் கூடாது, ஆனால் கேம்-ஐசியுவின் முதல் படியே 'வழக்கமான நிலை' என்ன என்பதுதான், அது நமக்கு எப்படித் தெரியும்? இங்கே ஒன்று கவனியுங்கள். பல வீடுகளில் பாட்டியோடு நாள் முழுக்க இருப்பவர் பணிப்பெண். மகன் காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போனால் இரவு எட்டுக்கு வருகிறார். "அம்மா நல்லாத்தான் இருந்தாங்க" என்று மகன் சொல்வதும், "கொஞ்ச மாசமா அடுப்பை அணைக்க மறந்துடுறாங்க, என் பேரை மாத்திச் சொல்றாங்க" என்று பணிப்பெண் சொல்வதும் இரண்டும் உண்மை, ஆனால் ஏற்கெனவே இருக்கும் மறதியையும் புதிதாக வந்த டெலிரியத்தையும் பிரிக்க உதவுவது இரண்டாவது. பணிப்பெண்ணைப் பார்க்க விடுங்கள், அவரிடம் கேளுங்கள்.

குடும்பத்தை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பாசத்தில் பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். "அம்மா, கல்லு மிதக்காதுல்ல? மிதக்காதுன்னு சொல்லுங்க, மிஸ்ஸி கேக்குறாங்க." அம்மா தலையாட்டுவார். அதற்கு மேல் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லை. மகளை மறுபக்கக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

இன்னொன்றும் தனியாகக் கேட்க வேண்டியது, குடிப்பழக்கம். நம் குடும்பங்களில் அதை மற்றவர் முன்னால் சொல்லவே மாட்டார்கள். மனைவியை ஓரமாக அழைத்து, இது மருந்துக்காகக் கேட்கிறேன், யாரிடமும் போகாது என்று சொல்லிக் கேட்டால் சொல்வார். திடீரென்று குடி நின்றதால் வரும் டெலிரியத்துக்கு வைத்தியம் வேறு. மற்ற டெலிரியத்தில் தவிர்க்கும், மிடாசோலம் வகையான பென்சோடயசெபீன் மருந்தே அங்கே தேவைப்படும். அது தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நு-டெஸ்க் என்பது ஐந்து அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2, மொத்தம் 2 வந்தால் சந்தேகம். ஒரு நிமிஷத்தில் முடியும், ஆனால் கவனத்தை நேராகச் சோதிப்பதில்லை, அதனால் அமைதி வகையை விட்டுவிடுமோ என்ற பயம் எனக்கு உண்டு. யாருக்கு டெலிரியம் வரும் என்று முன்கூட்டியே கணக்கிடும் ப்ரீ-டெலிரிக் மாதிரிகள் நல்லவைதான், ஆனால் அவை வேறு கேள்விக்குப் பதில், வந்துவிட்டதா என்று அவை சொல்லாது.

ஃபோர்-ஏடி பற்றி மட்டும் கொஞ்சம். வார்டில் பரவலாகப் பயன்படுவது, விழிப்பு, நாலு கேள்வி, மாதங்களைப் பின்னோக்கிச் சொல்வது, திடீர் மாற்றம், மொத்தம் 12-க்கு 4 வந்தால் டெலிரியம் இருக்கலாம். வாயில் குழாய் உள்ளவருக்கு இது ஆகாது, பேச வேண்டும். குழாய் எடுத்து, ஐசியுவுக்கும் வார்டுக்கும் இடைப்பட்ட ஹெச்டி பிரிவுக்கோ வார்டுக்கோ போனபின் இது பொருத்தம். ஆனால் நாலு கேள்வியில் வயதும் பிறந்த தேதியும் இருக்கின்றன. ஊரிலிருந்து சின்ன வயதில் கப்பலில் வந்தவர்களில் பலருக்கு ஐசியில், அதாவது அடையாள அட்டையில், இருக்கும் தேதி ஒன்று, வீட்டில் சொல்லும் வயது ஒன்று. பாட்டி சொன்ன வயது ஐசியோடு ஒத்துப்போகவில்லை என்று உடனே பிழை போடாதீர்கள், வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். மாதங்களையும் டிசம்பரிலிருந்து சொல்லத் தெரியாதவர் பங்குனியிலிருந்து பின்னால் சொல்வார், தமிழ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அப்படியே கேட்கலாம்.

ஆக எது? என் பதில்: ஐசியுவில் −3-உம் அதற்கு மேலும் இருக்கும் எல்லோருக்கும் ஒவ்வொரு ஷிப்டிலும் கேம்-ஐசியு, நிலை மாறினால் இடையிலும் ஒரு தடவை, தமிழ் அட்டையோடு. தமிழ் தெரிந்த தாதி பார்க்கும் ஷிப்டில், நோயாளி பேசக்கூடியவராக இருந்தால், அதோடு ஐசிடிஎஸ்சியும் போடலாம், ராத்திரி நடந்ததையும் 'பாதி வழி' நிலையையும் அது காட்டும். இரு கையும் அசையாதவர், எழுதிக் காட்டினாலும் புரிந்துகொள்ள முடியாத அளவு காது கேளாதவர், இவர்களுக்கு ஐசிடிஎஸ்சியை முதலில் வைப்பேன், ஆனால் பேச்சு சம்பந்தப்பட்ட அம்சங்களைத் தமிழ் தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். பக்கவாதத்தில் ஒரு கை மட்டும் விழுந்திருந்தால் நல்ல கையைப் பிடியுங்கள், அது போதும். காதுக் கருவி இருந்தால் முதலில் அதை மாட்டுங்கள், பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. படிவத்தில் 'மதிப்பிட இயலவில்லை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது −4, −5-இல் இருப்பவருக்கு மட்டும். பெயர் குறிப்பிட விரும்பாத இடங்களில், முழு விழிப்பில் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டும் தமிழ் முதியவருக்கும், அதே மாதிரி ஹொக்கியன் மட்டும் பேசும் சீன முதியவருக்கும், நாள் கணக்காக அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் சோம்பேறி இல்லை, கேட்க வழி இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த டிக்கைப் பார்க்கும் டாக்டருக்கு நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பதாகத்தான் அர்த்தம். எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும், மொழியால் செய்ய முடியாமல் போனதை அந்தக் கட்டத்தில் போடக் கூடாது. 'மொழி: செய்யவில்லை' என்று தனியாக எழுதி, அடுத்த ஷிப்டில் தமிழ் தெரிந்தவர் யார் என்று பார்த்து அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

டெலிரியம் என்று வந்தபின் என்ன என்பது தனிக் கட்டுரைக்கு உரியது, கருவியைத் தேர்வதோடு சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். மருந்து கொடுத்துச் சரி செய்யலாம் என்ற எண்ணத்தில் சோதிக்காதீர்கள். 2018-இல் வந்த மைண்ட்-யுஎஸ்ஏ ஆய்வில் 566 பேருக்கு ஹாலோபெரிடால், சிப்ராசிடோன் என்ற மனநோய் மருந்துகளில் ஒன்றோ, வெறும் உப்பு நீரோ கொடுத்துப் பார்த்தார்கள், டெலிரியம் நீடித்த நாளில் வித்தியாசமே இல்லை. காரணத்தைத் தேடி நீக்குவது, மயக்க மருந்தைக் குறைப்பது, குறிப்பாக மிடாசோலத்தை, ராத்திரி விளக்கை அணைத்துத் தூங்க விடுவது, பகலில் கட்டிலின் ஓரத்தில் உட்கார வைப்பது, கட்டிப்போடாமல் இருப்பது, தெரிந்த முகத்தைப் பக்கத்தில் வைப்பது, இவைதான். தான் டோக் செங் மருத்துவமனையில் முதியோர் வார்டில் டெலிரியத்துக்கென்றே ஐந்து கட்டில் பிரிவு ஒன்று அமைத்தார்கள், கட்டிப்போடுவதில்லை, மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை பளிச்சென்ற வெளிச்சம், பகல்-இரவு தெரிவதற்கு. அது ஐசியு இல்லை, ஆனால் எந்தத் திசையில் போக வேண்டும் என்று காட்டியது இங்கேயே நடந்த வேலைதான்.

கடைசியாக, ஐசியுவிலிருந்து வார்டுக்கு அனுப்பும்போது. அங்கே ஃபோர்-ஏடிக்கு மாறும், எண்கள் ஒத்துப்போகாது, கேம்-ஐசியுவில் 'உண்டு' என்று இருந்தவர் அங்கே 3 மதிப்பெண்ணோடு நல்லவராகத் தெரியலாம். அதனால் ஒப்படைக்கும் தாளில் வெறும் முடிவை மட்டும் எழுதாமல், கடைசியாக எப்போது டெலிரியம் என்று வந்தது, எந்த மொழியில் யார் சோதித்தது, எழுத்தா படமா, 'ஆமாம்' என்பதை எப்படிச் சொல்கிறார், வீட்டில் வழக்கமான நிலை என்ன, அதைச் சொன்னது யார், அவருடைய கைபேசி எண், கண்ணாடியும் காதுக் கருவியும் எந்தப் பையில் இருக்கின்றன, இத்தனையும் எழுதுங்கள். அட்டையின் ஒரு பிரதியையும் கூடவே அனுப்பிவிடுங்கள், வார்டில் அன்றைக்கு இரவு யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.